விற்கப்பட்டவரின் சொல்

சகோதரர்களால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட யோசேப்பு, பின்னாளில் எகிப்தின் ஆளுநராகிப் பஞ்சத்தில் அவர்களையே காத்ததாக விவிலியம் கூறுகிறது. அவர்களிடம் அவர் உரைக்கும் கூற்றில் (ஆதியாகமம் 50:20) 'ஹாஷவ்' என்னும் எபிரேய வினை இருமுறை வருகிறது. சகோதரர்கள் எண்ணியது தீமை. அதே செயலில் கடவுள் எண்ணியது நன்மை. வினை ஒன்றாயினும் எழுவாய்கள் வேறு. ஆதலால் விளைந்த நன்மை அவர்களது குற்றத்தைக் குறைப்பதில்லை.

ரோம் நகரம் கி.பி. 410இல் சூறையாடப்பட்டது. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய 'என்கிரிதியோன்' நூலில் அகுஸ்தினார் இந்நம்பிக்கையைக் கோட்பாடாக வகுத்தார்: தீமையை அறவே தடுப்பதினும் அதிலிருந்து நன்மையை விளைவிப்பதையே கடவுள் மேலானதாகக் கருதினார் என்பது அவர் முடிவு.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைமுறை ஆதரவாளர்கள் இந்நம்பிக்கையைத் தமக்குக் கேடயமாக்கினர். ஆப்பிரிக்கர் கடத்திவரப்பட்டது அவர்கள் கிறிஸ்துவை அறிவதற்கான இறைத்திட்டம் என்று வாதிட்டனர். விற்கப்பட்டவர் உரைத்தபோது மன்னிப்பாக ஒலித்த சொல், விற்றவர் வாயில் சாக்காயிற்று.

ஆதியாகமத்தில் சகோதரர்கள் அச்சொல்லை உரைப்பதில்லை. அவர்கள் கேட்பது மன்னிப்பு.