செம்புக் கவசமும் டேவியின் இரும்புத் துண்டும்

மரக்கப்பலுக்குப் புயலினும் கொடிய பகை கப்பற்புழுவாகும். வெப்பக் கடல்களிற் பெருகி வாழும் இப்புழு அடிமரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பாசியும் சிப்பியினங்களும் அடிப்புறத்திற் பற்றிப் படர்ந்து கப்பலின் விரைவைக் குறைக்கும். இவற்றைத் தடுக்கும்பொருட்டுப் பிரித்தானியக் கடற்படையினர் 1761ஆம் ஆண்டில் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தை மெல்லிய செப்புத் தகடுகளாற் போர்த்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர்.

1763இல் அதனைப் பரிசோதித்தோர் நன்மையும் தீமையும் ஒருங்கே கண்டனர். தகடு நிலைத்திருந்த இடங்களில் மரம் புழு தீண்டாது தூய்மையாயிருந்தது. ஆயின், செம்பைத் தொட்டுக்கிடந்த இரும்பாணிகள் உருத்தெரியாது அரிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் சில ஆணிகள் மட்டும் பழுதின்றி எஞ்சின. தகடுகளைச் சுற்றிவந்த கபிலநிறக் காகிதம் ஆங்காங்கே உரிக்கப்படாது விடப்பட்டிருந்தது. அதுவே செம்புக்கும் இரும்புக்கும் இடையே நின்று அவ்வாணிகளைக் காத்தது. தொழிலாளரின் கவனக்குறைவு ஆராய்ச்சியாளர் செய்யத்தக்க பரிசோதனையொன்றைச் செய்து முடித்தது எனலாம். உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் தம்முட் பொருந்தலாகாது என்பது பரிசோதகர் முடிபு. அதன் காரணத்தை அன்று எவரும் அறிந்திலர். வோல்ற்றா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800இலேயே.

அமெரிக்கச் சுதந்திரப் போரின் நெருக்கடியில், சார்ள்ஸ் மிடில்ரனின் தூண்டுதலால் கடற்படை முழுவதுக்கும் செம்பு போர்க்கப்பட்டது. இரும்பாணித் தொல்லை மீண்டும் தலைதூக்கவே, 1780களில் செப்புக் கலப்புலோக ஆணிகள் புகுத்தப்பட்டன. பின்னரும் ஒரு குறை நின்றது: செப்புத் தகடே கடல்நீரில் மெல்லமெல்லத் தேய்ந்தது. அதற்குப் பரிகாரம் காணுமாறு கடற்படையார் வேத்தியற் கழகத்தை வேண்டினர். அப்பொழுது அதன் தலைவராயிருந்தவர் இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவி.

டேவி 1824இல் அக்கழகத்தில் வாசித்த கட்டுரையிற் கூறிய முறை மிக எளிது. செம்பினும் எளிதில் நீரிற் கரையவல்ல உலோகமொன்றைச் செம்புடன் இணைத்தால், அவ்வுலோகம் தான் கரைந்து செம்பைக் கரையவிடாது தடுக்கும். பட்டாணிக் கடலையளவு துத்தநாகம் நாற்பது, ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதுமென அவர் கண்டார். அலாம் கப்பலில் தீங்காய் நேர்ந்த நிகழ்ச்சியையே அவர் மருந்தாக மாற்றினார் என்பது நோக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே 'சமராங்' முதலிய கப்பல்களில் வார்ப்பிரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டன.

செம்பு தேயவில்லை, ஆயினும் பல கப்பல்களின் அடியிற் பாசியும் சிப்பியும் முன்னில்லாதவாறு மண்டின. செம்பு கரைகையில் உண்டாகும் நச்சு உப்புக்களே அதுவரை அவ்வுயிர்களை அண்டவிடாது தடுத்திருந்தன. தேய்வு நின்றதும் நஞ்சும் நின்றது. கடலோடும் கப்பல்களிலிருந்து அத்துண்டுகளை அகற்றுமாறு 1825இற் கட்டளை பிறந்தது. டேவி ஏளனத்துக்கு ஆளானார். அது நேர்மையன்று, அவரிடம் கேட்கப்பட்டது செம்பைக் காக்கும் வழியே, அதனை அவர் பிழையறக் காட்டினார். செம்பு எதனாற் கப்பலைக் காக்கின்றதென்பதைக் கேட்டவர்களும் முன்னர் ஆராய்ந்திலர். மனம் நொந்த டேவி 1829இல் ஜெனீவாவிற் காலமானார்.

இரும்புக் கப்பல்களும் உருக்குக் கப்பல்களும் தோன்றியபின் அவருடைய முறைக்கு மறுவாழ்வு கிடைத்தது. அங்கே அரிப்பைத் தடுப்பது ஒரு வேலை, பாசியைத் தடுப்பது வேறொரு வேலை. முன்னையதற்குத் துத்தநாகத் துண்டும் பின்னையதற்குச் செப்புச் சேர்வைகள் கலந்த பூச்சும் பயன்படலாயின. இன்று மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரத்திலும், நீருள் அமிழும் பகுதியில் இத்தகைய சிறு துண்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் கரைந்ததும் புதியது இடப்படும். அழகு கருதி அதன்மேல் வர்ணம் பூசுவோரும் உளர். பூசினால் நீர் அதனைத் தீண்டாது. அலாம் கப்பலின் காகிதம் இரும்பைக் காத்தவாறே வர்ணம் அத்துண்டைக் காத்துவிட, இயந்திரம் அரிபடும்.