விசைப் பலகையின் விலை

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பகுதியில், 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லோ யாட் வணிக வளாகத்தில், கணினி உறுப்புக்களும் துணைக்கருவிகளும் மாடிதோறும் விற்கப்படுகின்றன. அங்குச் செல்வோர் திரையின் அகலத்தையும் நினைவகத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். விசைப் பலகையைப் பற்றி நெடிது எண்ணுவோர் சிலரே. ஏனைய உறுப்புக்களை நோக்க அதன் விலை குறைவு. எனினும், இட்ட பொருளுக்கு மிகுந்த பயன் தந்த உறுப்பு எது என்று தமிழ்மொழியின் பக்கம் நின்று வினவினால், அச்சிறு பலகையே முன்னிற்கும். அதனுள் தமிழ் ஏறிய வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கேரித் தீவு வரை நீள்வது.

இரும்பில் ஏறிய எழுத்து

கணினிக்கு முன்னோடி தட்டெழுத்துப் பொறி. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துக்கள் போதும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே விசையில் அடங்கும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துக்கள் 247. இவற்றை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எங்ஙனம்?

இதற்கு வழிகண்டவர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த இவர், இளமையிலேயே மலாயாவுக்கு வந்து பணியாற்றியவர். எழுத்துக்கள் அனைத்தையும் வெட்டி வைக்க வேண்டுவதில்லை, உறுப்புக்களைப் பிரித்து வைத்துச் சேர்த்தால் போதும் என்பதே அவர்தம் முறை. கால், கொம்பு முதலியன தனி விசை பெற்றன. மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கு அவர் அமைத்தது 'நகரா விசை'. அதனைத் தட்டினால் புள்ளி தாளில் விழும், உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்து அமையும். கையால் எழுதுங்கால் எழுத்து முன்னும் புள்ளி பின்னும் வரும். பொறியிலோ புள்ளி முன்னும் எழுத்து பின்னும் வந்தன. இவ்வமைப்பைக் கொண்ட பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டன.

இப்பொறியில் ஒரு குறை உண்டு. தமிழ்ப் பொறி தமிழை மட்டுமே எழுதும். ஓர் அலுவலகம் இரு மொழிகளில் எழுத விரும்பினால் இரண்டு பொறிகளை வாங்குதல் வேண்டும். தமிழுக்கெனத் தனிச் செலவு என்னும் நிலை இவ்வாறு இரும்பிலேயே உறுதிப்பட்டது.

அட்டையும் சில்லும்

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் ஒற்றைவண்ணத் திரைக்குரிய அட்டையில் 256 குறிகளின் வடிவங்கள் ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு குறியும் அகலத்தில் 9, உயரத்தில் 14 புள்ளிகள் கொண்ட கட்டத்துள் நின்றது. 'இத்தனையாம் குறியைக் காட்டுக' என்று மட்டுமே மென்பொருள் ஆணையிட இயலும். அக்குறியின் உருவை மாற்ற இயலாது. அச்சில்லில் அகரம் இல்லை. ஆதலின் அத்திரையில் தமிழும் இல்லை.

இத்தடையைக் கடக்கப் புதிய உறுப்பு ஒன்று எழுந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் மையத்தின் வழியே 'ஜிஸ்ட் அட்டை' எனப் பயன்பாட்டிற்கு வந்தது. இதனைக் கணினியுள் செருகினால் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் திரையில் தோன்றின. இது சிறந்த பணியே. ஆயினும் அட்டை உள்ள கணினிக்கே தமிழ் தெரியும் என்பதால், தனிச்செலவு என்னும் பழைய நிலை இரும்பிலிருந்து சில்லுக்கு மாறியதேயன்றி நீங்கவில்லை.

அதனை நீக்கும் வழி இடையிலேயே திறந்திருந்தது. 1984இல் வந்த புதிய திரையட்டைகள் எழுத்துருவை மென்பொருளே ஏற்றுவதற்கு இடந்தந்தன. உருவைக் காட்டுவது சில்லின் வேலை என்ற நிலை மாறி, அது நிரலின் வேலை ஆயிற்று. நிரலோ எத்தனை படி எடுத்தாலும் தேய்வதில்லை.

கேரித் தீவின் மைந்தர்

சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றால் நிலப்பகுதியினின்றும் பிரிக்கப்பட்டது கேரித் தீவு. மா மெரி என்னும் பூர்வகுடியினரின் வாழ்விடமான இத்தீவு, கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியால் பெயர் பெற்றது. ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் விளைந்த அத்தோட்டங்களில் தமிழர் பல தலைமுறை உழைத்தனர்.

இத்தீவில் பிறந்தவரே முத்து நெடுமாறன். 1997இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை அளித்த முரசு நெடுமாறனின் மகன். பொறியியல் அறிவும் தமிழ்ச் சூழலும் ஒருங்கே வாய்த்த இவர், 1985ஆம் ஆண்டில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். அதன் வழிவந்த 'முரசு அஞ்சல்' இணையத்தின் தொடக்கக் காலத்தில் உலகெங்கும் தமிழர் கணினிகளில் பரவியது. எந்தக் கணினியிலும், இருக்கும் விசைப் பலகையைக் கொண்டே தமிழ் எழுதலாம் என்பதே இம்மாற்றத்தின் சாரம். 2005இல் வந்த 'செல்லினம்' அதனைக் கைப்பேசிக்கும் கொண்டு சென்றது. 2013இல் ஐபோனின் இயங்குதளத்திலேயே 'அஞ்சல்', 'தமிழ் 99' ஆகிய இரு விசையமைப்புக்களும் இடம்பெற்றன.

அண்டை நாடான சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். தமிழ் இணையத்திற்கென 1997இல் அங்கு நடந்த மாநாட்டிற்கும் அவருடைய உழைப்பே பெருந்துணை. 1999இல் அவர் மறைந்தார்.

தொல்காப்பியர் கணக்கு

அந்த 1999ஆம் ஆண்டில்தான் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'தமிழ் 99' விசைப் பலகையை ஏற்றது. இதன் அமைப்பு தமிழாசிரியர்க்குப் பெரிதும் இன்பம் தருவது. உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்வரிசைக்குரிய பதினெட்டும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆய்தத்தைச் சேர்த்தால் தமிழுக்கு வேண்டிய விசை 31. முதலெழுத்து முப்பது என்று தொல்காப்பியர் வகுத்த கணக்கே இங்கு விசைகளாய் நிற்கின்றது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கணம் விரல்நுனியில் நிகழ்கின்றது.

'அம்மா' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. தட்டெழுத்துப் பொறியில் அகரம், புள்ளி, மகரம், மகரம், கால் என ஐந்து தட்டுக்கள். ஆங்கில ஒலியைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறையிலும் ஐந்தே. தமிழ் 99இல் அ, ம, ம, ஆ என நான்கு. ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும், ஞகரத்தை அடுத்துச் சகரம் வரினும் அவ்வாறே. வல்லினத்திற்கு முன் அதன் இனமெல்லினம் புள்ளி பெற்று வரும் என்பதைப் பொறி அறிந்திருக்கின்றது. ஆங்கில விசையில் முன்பே பழகியவர்க்கு அஞ்சல் முறை எளிது. அது பலரைத் தமிழின்பால் மீட்டுக் கொண்டுவந்தது. புதிதாகக் கற்கும் மாணவர்க்கோ தமிழ் 99 இலக்கணப் பாடமாகவும் அமையும்.

எஞ்சிய செலவு

இரும்புப் பொறிக்கும் செருகும் அட்டைக்கும் தமிழர் தனியே விலை கொடுத்தனர். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் விசையமைப்பு உள்ளேயே இருக்கின்றது. திறந்து வைத்தால் போதும். இருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தம் தாய்க்கு அனுப்பும் செய்தியைக்கூட ரோமன் எழுத்தில் தமிழாக எழுதுகின்றனர். அவர் கையில் உள்ள கருவியில் குறையில்லை. குறை பழக்கத்தில் உள்ளது.

எழுதாத எழுத்து மெல்ல மறக்கும். 'ற', 'ர' வேறுபாடும், 'ண', 'ந', 'ன' வேறுபாடும் ரோமன் எழுத்தில் இல்லாமற் போகின்றன; பின்னர்த் தேர்வுத்தாளில் மட்டும் அவற்றைத் தேடிப் பயன் என்ன? பள்ளிக் கணினி அறையில் முப்பத்தொரு விசைகளையும் பிள்ளைகளின் விரல்களுக்குப் பழக்குதல் ஒன்றே இனி ஆக வேண்டிய செலவு. அது காசன்று, ஆசிரியரின் சில மணி நேரம். அதனைச் செலவிட்டால், கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் அப்பலகை பெற்ற விலைக்கு மேற்பட்ட பயனைத் தரும்.