சொரசொரப்பு வந்த வழி

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் பெட்டியில் அடைபட்டு லாரி ஏறும் ஒவ்வொரு ஐபோனுக்குள்ளும் ஒரு சொரசொரப்பு இருக்கிறது. தடவிப் பார்த்தால் தெரியாது. போனின் உலாவிக்குள் சில வரிக் கணக்காக அது உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் மேகம் வரும், பளிங்கு வரும், துரு வரும். எந்தப் படமும் சேமித்து வைக்கப்படவில்லை. கேட்ட கணத்தில் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வரைகிறது. டிஜிட்டல் ஓவியர்கள் 'புரொசீஜரல் டெக்ஸ்சர்' என்பது இதைத்தான்.

இது பிறந்தது 1983இல், அமெரிக்காவில். அணுக்கதிர்வீச்சு பொருள்களுக்குள் எப்படிப் பாய்கிறது என்று கணக்கிடத் தொடங்கப்பட்ட மாஜி என்ற நியூயார்க் மாநில நிறுவனம், அதே கணக்கை ஒளிக்குப் போட்டுப் படம் வரையக் கற்றுக்கொண்டது. 1982இல் டிஸ்னி வெளியிட்ட 'டிரான்' படத்தில் சீறிப் பாயும் ஒளி பைக்குகள் அங்கே உருவானவை. அந்தப் படத்தில் வேலை செய்த கென் பெர்லினுக்கு அதன் மொழுமொழுப்பு உறுத்தியது. உருண்டை, கூம்பு, பெட்டி என்று எல்லா உருவமும் சுத்தம். எதிலும் ஒரு கறை, ஒரு கீறல் கிடையாது. அந்த உறுத்தலிலிருந்து பிறந்த கணக்கை 1985இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டின் கட்டுரையில் வெளியிட்டார். இன்று அதன் பெயர் பெர்லின் நாய்ஸ்.

கோலத்துக்கு வைப்பதுபோல் சம இடைவெளியில் புள்ளிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஒரு திசையில் ஓர் அம்புக்குறி. திசைகள் தாறுமாறாகத் தெரிந்தாலும், 256 எண்களைக் கலைத்துப் போட்ட ஓர் அட்டவணையிலிருந்துதான் வருகின்றன. அதனால் எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில் அதே அம்பு. நான்கு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஓர் இடத்தில் அந்த அம்புகள் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் சொல்கின்றன என்று பார்த்து நெளிவாக இணைத்தால் மேடுபள்ளமான பரப்பு கிடைக்கிறது. அதன்மேல் பாதி அகல மேடுகளைப் பாதி உயரத்தில் ஏற்ற வேண்டும்; அதன்மேல் இன்னும் பாதி. ஒவ்வோர் அடுக்கும் ஓர் ஆக்டேவ். நான்கைந்து அடுக்கில் மேகம் வந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் பள்ளங்களை மடக்கி மேலே திருப்பினால் கூர்மையான மடிப்புகள் விழும். அந்த மடிப்புகளால் ஒரு சைன் அலையைக் கலைத்தால் பளிங்கின் நரம்புகள் ஓடும். இந்த மடக்கல்தான் எனக்கு எப்போதும் வியப்பு. ஒரு கழித்தல் குறியை நீக்கியதும் மேகம் இருந்த இடத்தில் தீ எரிகிறது.

1988இல் பிக்ஸார் வெளியிட்ட, படம் உருவாக்கும் முறையான ரெண்டர்மேனில் இது உள்ளேயே சேர்ந்தது. 1997இல் பெர்லினுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. முதல் கணக்கை அவர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தார். பின்னால் அவரே செய்த சிம்ப்ளெக்ஸ் நாய்ஸுக்குத்தான் காப்புரிமை வந்தது, அதுவும் 2022இல் காலாவதியானது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் மலைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நம் ஊருக்கு அது வந்த பாதை வேறு. 2001 செப்டம்பரில் இணையத்தில் படம் வரைவதற்கான எஸ்.வி.ஜி. தரநிலை வெளியானது. அதன் ஃபில்டர்களில் ஒன்று டர்புலன்ஸ். பெர்லினின் கணக்கை அந்த ஆவணம் சி மொழியில் வரி வரியாக அச்சிட்டிருந்தது. எண்களைக் கலைக்கும் முறையைக்கூட, 16807ஆல் பெருக்கு என்று, விட்டுவைக்காமல் சொன்னது. எந்த நிறுவனத்தின் உலாவி என்றாலும் ஒரே மேகம் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பொதுவில் எழுதி வைத்த அந்தப் பக்கங்களைத்தான் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய திருப்பமாக நினைக்கிறேன்.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது, அங்கிருந்து போன பட்டன் போன்களில் இதற்கு இடமில்லை. 2012இல் ஐபோனின் உலாவி எஸ்.வி.ஜி. ஃபில்டர்களைப் படிக்கத் தொடங்கியது. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2019இல் ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் எக்ஸ்.ஆரை ஒருங்கிணைக்கத் தொடங்கியதும், எந்தத் துறைமுகத்திலும் இறங்காமல் அந்தக் கணக்கு மென்பொருளோடு வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அவர்கள் தூங்கும்போது தலைமாட்டில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன்களின் உலாவியிலும் இதே கணக்குதான். ஓவியம் வரைய ஆசைப்படும் ஒருத்தி அங்கே இருந்தால், அவளுக்கு வேண்டிய கருவி கையில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இந்த வட்டாரம் மொழுமொழுப்பை விளைவிக்கிற வட்டாரம். செயின்ட் கோபெய்ன் ஆலையில் உருகிய கண்ணாடி உருகிய தகரத்தின்மேல் மிதந்து சமமாகிறது. கார் ஆலையின் பெயின்ட் ஷாப்பில் மேல்பூச்சு கொஞ்சம் மேடுபள்ளமாக உலர்ந்தாலும் 'ஆரஞ்சு பீல்' என்று குறை எழுதுவார்கள். ஆனால் டாஷ்போர்டுக்கு மட்டும் சொரசொரப்பு வேண்டும், பளபளத்தால் ஓட்டுநர் கண் கூசும். அதற்காக வார்ப்பு அச்சிலேயே அமிலத்தாலோ லேசராலோ தோல்போன்ற 'கிரெயின்' பதிப்பார்கள். லேசருக்குக் கொடுப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கறுப்பின் அளவுக்கு ஆழம். ஓவியர் திரையில் செய்வதும் இதே வேலைதான்.

ஒரகடம் பக்கத்து ஊர் ஒன்றில் சுண்ணாம்பு அடித்த பழைய சுவரைத் திரையில் வரைய எடுத்துக்கொள்ளலாம். டர்புலன்ஸை நேராகப் போட்டால் வானவில் கலங்கல்தான் வரும். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை நான்குக்கும் தனித்தனியாக மேடுபள்ளம் கணக்கிடுவதால். கலர் மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு ஃபில்டரால் நிறத்தை உறிஞ்சிவிட வேண்டும். பிறகு மூன்று பரப்புகள். கறைக்கு அதிர்வெண் 0.008, ஒரு மேடு சுமார் 125 பிக்சல் அகலம் வரும். மட்டை இழுத்த கோடுகளுக்குக் குறுக்கே 0.15, நெடுக்கே 0.008, இரண்டும் வேறானதால் மேடுகள் செங்குத்தாக நீளும். மணலுக்கு 0.8. கடைசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு.

இவ்வளவு செய்தும் சுவர் பொய்யாகவே நிற்கும். பெர்லின் கணக்குக்குக் காரணம் தெரியாது. எங்கும் ஒரே சீராகக் கறை போடும். சுவரில் மழைக்கறை கூரை விளிம்பிலிருந்து இறங்கும், அழுக்கு குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் சேரும், காரை அடிமண்ணின் ஈரத்தில் உதிரும். லாரியில் துரு வெல்டிங் தையலில் தொடங்கும். அந்தக் காரணங்களை ஃபில்டர் செய்பவர்தான் மேலிருந்து கீழே மங்கும் மறைப்புகளாகச் சேர்க்க வேண்டும். எண்களைத் திருகிக்கொண்டே இருப்பவரைவிடச் சுவருக்கு முன்னால் போய் நிற்பவர் நல்ல ஃபில்டர் செய்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முடிந்த சுவர் சில ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் போகாது. வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாகவே அனுப்பலாம். வாலாஜாபாத்தில் வேறு போன் வைத்திருப்பவர் அதைத் திறந்தாலும், எண்களின் கலைப்பைத் தொடங்கிவைக்கும் சீடு எண் மாறாத வரை அதே கறை அதே இடத்தில் இருக்கும். கறை பெரிதாகப்பட்டால் அவர் 0.008ஐ 0.012 ஆக்கிக்கொள்ளலாம்.