ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார்

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் (1895 பிப்ரவரி 1 – 1970 ஆகஸ்ட் 25) தென்னாற்காட்டுக் கிராமத்து விவசாயி. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற காங்கிரஸ்காரர். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். மாகாண அமைச்சரவையின் தலைவரை அன்று ஆங்கிலத்தில் பிரீமியர் என்றும் தமிழில் பிரதமர், பிரதம மந்திரி என்றும் சொன்னார்கள். முதலமைச்சர் என்ற பெயர் 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நிலைத்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இவரே. திருவண்ணாமலை ரமண மகரிஷியின் பக்தர். பொதுவழக்கில் ஓமந்தூரார், ஓ.பி.ஆர்.

ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள ஊர். இன்று விழுப்புரம் மாவட்டம். அன்று தென்னாற்காடு ஜில்லா. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’ தகப்பன் பெயரின் முதலெழுத்து அல்ல. ‘பெரியவளவு’ என்ற வீட்டுப் பெயர் அது. வளவு என்றால் பல கட்டுகள் கொண்ட பெரிய வீடு, அதன் சுற்றுமனை. நிலபுலன் உள்ள ரெட்டியார் குடும்பம். சாப்பாட்டுக்கு அரசியலை நம்பவேண்டிய நிலை இவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதவிக்காலம் முழுவதும் இவர் காட்டிய விடாப்பிடிக்கு இது ஒரு காரணம் என்றே சொல்லவேண்டும். போனால் போகட்டும், ஊரில் ஏர் இருக்கிறது என்று நினைக்கக்கூடிய மனிதரை மிரட்டுவது கடினம்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே திரும்பினால் செஞ்சி. செஞ்சியைத் தாண்டினால் திருவண்ணாமலை. மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். நிர்வாகக் கணக்கில் திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது (தனி மாவட்டமானது 1989-இல்). ஆனால் தென்னாற்காட்டு விவசாயிக்கு அண்ணாமலை வேற்றூர் அல்ல. கார்த்திகை தீபத்துக்கு வண்டி கட்டிப் போகிற மலை. அந்த மலையின் தென்புறத்தில், செங்கம் சாலையில், பெரிய கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் ரமணாசிரமம். பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்ட, திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அந்த ஊரைவிட்டு நகரவில்லை. தேசத் தலைவர்கள்தான் அவரைத் தேடி வந்தார்கள். 1938-இல் ராஜேந்திர பிரசாத்தும் ஜம்னாலால் பஜாஜும் வந்து தங்கிப் போனார்கள்.

ஆசிரமத்தின் பழைய ஹால் இன்றும் இருக்கிறது. நீளமான, அலங்காரம் இல்லாத ஓர் அறை. ஒரு பக்கம் மகரிஷி சாய்ந்திருந்த சோபா, எதிரே வெறுந்தரை. கலெக்டர், ஜட்ஜ், ஜமீன்தார், மந்திரி யாராயிருந்தாலும் அந்தத் தரையில்தான் உட்காரவேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படியே. பந்தியில் எல்லோருக்கும் எந்தக் குழம்போ அதுதான் மகரிஷிக்கும். தன் இலையில் மட்டும் ஒரு கரண்டி அதிகமாக விழுந்தால் பரிமாறியவரைக் கடிந்துகொள்வார் என்று ஆசிரமக் குறிப்புகள் பல சொல்கின்றன. இன்னொன்றும் அங்கே அடிக்கடி நடந்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டைத் துறந்து சந்நியாசம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வருபவர்களை மகரிஷி பெரும்பாலும் ஊக்குவித்ததில்லை. இருக்கிற இடத்திலேயே இரு, வேலை நடக்கட்டும், ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணத்தை மட்டும் பார் என்பதே அவர் பதிலின் சாரம். பதவியை விரும்பாமல் பதவியில் உட்காரப்போகும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

1946 தேர்தலில் சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் பிடித்தது. கட்சிக்குள்தான் சண்டை. மாகாணம் அப்போது தமிழ் ஜில்லாக்கள், ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரும்பரப்பு. தமிழர்களில் காமராஜ் அணி, ராஜாஜி அணி, ஆந்திரர்களில் த. பிரகாசம் அணி, பட்டாபி சீதாராமையா அணி. 1946 ஏப்ரலில் பிரகாசம் பிரதமரானார். ஓராண்டுகூட ஆகவில்லை, காமராஜ் அணியும் பிரகாசத்தின் ஆந்திர எதிரிகளும் கைகோத்து அவரை இறக்கினார்கள். அடுத்து யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, எந்த அணியிலும் ஆழமாக ஊறாத ஓமந்தூரார். அவர் தயங்கினார். வற்புறுத்தித்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடங்கிப் போவார் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்திருக்கவேண்டும்; அந்தக் கணக்கு தப்பியது.

அமைச்சரவையில் கனமான ஆட்கள் இருந்தார்கள்: உள்துறைக்கு டாக்டர் ப. சுப்பராயன், நிதிக்கு பி. கோபால ரெட்டி, கல்விக்கு தி. சு. அவினாசிலிங்கம், பொதுப்பணிக்கு எம். பக்தவத்சலம், வருவாய்க்கு கலா வெங்கட ராவ். இந்த இரண்டே ஆண்டில் வந்த சட்டங்களைப் பார்த்தால், பக்தர் என்றால் பழமைவாதி என்று நினைப்பவர்களுக்கு வியப்பாயிருக்கும். தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் செல்வதைச் சட்ட உரிமையாக்கிய ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. 1939-இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த பிரவேசம் ஒரு வாசலைத் திறந்தது என்றால், இந்தச் சட்டம் மாகாணம் முழுவதற்குமான திறவுகோல். பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்யும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஏறக்குறைய இருபது ஆண்டு போராடிய விஷயம் அது. திருநீறு பூசிய ஒருவர் பிரதமராக இருக்கும்போது அது முடிந்தது.

நிலச் சட்டங்கள் அவருக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியவை. ஜமீன் கிராமங்களில் குடியானவன் ஜமீன்தாருக்குக் கட்டிய வாரம், குடியானவன் அரசுக்கே நேராகக் கட்டும் பக்கத்து ரயத்துவாரி ஊரின் தீர்வையைவிடப் பல மடங்கு இருந்தது. 1947-இல் அதைக் குறைத்துச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜமீனையே எடுத்து ரயத்துவாரியாக மாற்றும் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் (1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண்). ஜமீன்தாருக்கு நஷ்டஈடு, குடியானவனுக்குப் பட்டா. அந்தச் சட்டம் 1949 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஓமந்தூரார் பதவி இழந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மதுவிலக்கை 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கியவர் ராஜாஜி. பிரகாசம் ஆட்சியில் அது மேலும் சில ஜில்லாக்களுக்குப் போனது. 1948 அக்டோபர் 2, காந்தி இறந்த பிறகு வந்த முதல் காந்தி ஜயந்தியன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. கலால் வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை விற்பனை வரி நிரப்பவேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. பிரதமரின் சொந்த ஊருக்குத் தென்கிழக்கே, ஒரு பொழுது வண்டிப் பயணத்தில், பிரெஞ்சுப் புதுச்சேரி. அங்கே எந்த விலக்கும் இல்லை.

அவருடைய ஆணைகளில் நெடுங்காலம் பேசப்பட்டது 1947 நவம்பரில் வெளியான வகுப்புவாரி அரசாணை. 1927 முதல் நடைமுறையில் இருந்த ஆணை, அரசு வேலை 12 என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பிரித்தது. புதிய ஆணையில் மொத்தம் 14: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர் 1, முஸ்லிம் 1. பிற்படுத்தப்பட்டோர் என்று தனியாக ஓர் இடம் அந்தப் பட்டியலில் விழுந்தது அப்போதுதான். கல்லூரிச் சேர்க்கையிலும் இதே விகிதம் பின்பற்றப்பட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் இதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு தர வழிசெய்யும் 15(4) பிரிவின் வேரைத் தோண்டினால் ஓமந்தூராரின் கையெழுத்துக் காலத்துக்கு வந்து சேரலாம். அன்றைக்கு இதற்காக அவருக்குக் கிடைத்த பட்டம்: ‘தாடியில்லாத ராமசாமி நாயக்கர்’. சூட்டியவர்கள் வசவாகத்தான் சூட்டினார்கள்.

தாடியுள்ள ராமசாமியான பெரியாரோடு அவருக்கு ஒத்துப்போனதா என்றால், இல்லை. 1948 மார்ச்சில் பெரியாரின் கருப்புச்சட்டைப் படையைத் தடைசெய்தது இவருடைய அரசு. அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும் இதே அரசு. மறைமலை அடிகள், திரு.வி.க. போன்றவர்களும் எதிர்ப்பு மேடைக்கு வந்தார்கள். மறியல், கைது, சிறை என்று 1938-இன் இந்தி எதிர்ப்புக் காட்சிகள் திரும்பின. இந்தி ஆணை, கோட்டையில் இருந்துகொண்டு தெருவின் சத்தத்தைக் கேட்காமல் செய்த வேலை. ஓமந்தூராரின் புகழ் பாடுகிற கட்டுரைகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. அதே கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்து தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு அடித்தளம் போட்டவர் (முதல் தொகுதி 1954, பெரியசாமித் தூரன் ஆசிரியர்). பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கியதும் அவர் பொறுப்பில்தான். ஒரே மேஜையிலிருந்து இரண்டு வகைக் கோப்புகளும் போயின.

நிஜாமின் ஹைதராபாத் எல்லை மாகாணத்தின் வடக்கு ஜில்லாக்களைத் தொட்டுக்கொண்டிருந்ததால் நிஜாமை ஆதரித்த ரஜாக்கர் படையின் கலகச் சூடு சென்னைக்கும் வந்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்து ஐந்து நாளில் அந்த அத்தியாயத்தை முடித்தது. இவை தவிர, அரசியல் நிர்ணய சபையிலும் ஓமந்தூரார் உறுப்பினர். அவரை ஏற்றியவரான காமராஜும் அவருக்கு வழிவிட்ட பிரகாசமும் அதே சபையில் இருந்தார்கள்.

அவரை வீழ்த்தியது சட்டங்கள் அல்ல, சிபாரிசுக் கடிதங்கள். போர்க்காலக் கட்டுப்பாடுகள் நீங்காத காலம் அது. அரிசி ரேஷனில், துணி ரேஷனில். நூலுக்குப் பர்மிட், பஸ் ரூட்டுக்குப் பர்மிட், மண்ணெண்ணெய்க்கு லைசென்ஸ். ஒவ்வொரு பர்மிட்டுக்குப் பின்னாலும் ஒரு சட்டசபை உறுப்பினரின் வாய். சிறை சென்ற தியாகத்துக்குப் பலன் எதிர்பார்த்தவர்கள் பலர். தாசில்தாரை மாற்று, இன்ஸ்பெக்டரை மாற்று என்று வந்தவர்கள் அதைவிடப் பலர். நிர்வாகத்தில் கட்சிக்காரன் கை வைக்கக்கூடாது என்பது ஓமந்தூராரின் கொள்கை. பேச்சில் மழுப்பலும் கிடையாது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்புகிற சாமர்த்தியம் அரசியலில் பாதி. அது அவரிடம் இல்லை. 1948-இல் கட்சித் தலைவர் தேர்தலில் பிரகாசத்தை அவரால் வெல்ல முடிந்தது. அடுத்த ஆண்டு காமராஜே கையை எடுத்துக்கொண்டார். 1949 ஏப்ரல் 6 அன்று பூ. ச. குமாரசாமி ராஜா பதவியேற்றார். அவர் ராஜபாளையத்து மண்; பின்னாளில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர். இப்படிப்பட்டவர்கள் இருவரை அடுத்தடுத்து நாற்காலியில் ஏற்றிய கட்சி அது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரமணாசிரமத்திலும் நிம்மதி இல்லை. தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்கு. விழாக்கூட்டம் கலைந்த சில நாட்களில், மகரிஷியின் இடது கையில் வளர்ந்திருந்த கட்டிக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. அது புற்று என்று தெரிந்தது. மேலும் இரண்டு முறை அறுத்தும் பயனில்லை. பதவி போய் ஓராண்டு முடிந்து எட்டாம் நாள் ஓமந்தூராரின் குருவும் மறைந்தார்.

அதன்பின் ஓமந்தூரார் வடலூர்க்காரரானார். பசித்தவனுக்குச் சோறு என்று வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாத ஊர் அது. சன்மார்க்கப் பணி, குருகுலப் பள்ளி என்று கடைசி இருபது ஆண்டுகள் அங்கே கழிந்தன. திருவண்ணாமலையின் மௌனமும் வடலூரின் அடுப்பும் ஒரே மனிதருக்குப் பிடித்திருந்தன. 1970 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டம் இப்போது ஓமந்தூரார் பெயரில். அங்கே சட்டமன்றத்துக்காகக் கட்டிய புதிய கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014 முதல் அந்தக் கட்டடம் ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை. காலையில் அங்கே ஊர் ஊராக வந்தவர்கள் கையில் பையோடு ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். தலைக்குமேல் பலகையில் இருக்கும் பெயரின் முதலெழுத்துகளும் அவைதான்.