ஒற்றரை ஒற்றுவார் யாவர்?

திருவள்ளுவர் பொருட்பாலிலே ஒற்றாடல் என ஓரதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. அரசு என ஒன்றிருப்பின் ஒற்றும் இருக்கும். அதனை நம் முன்னோர் மறுத்தாரில்லை. ஆயின், அவ்வதிகாரத்தைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் மாணவர் பலர் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை அப்படியே நம்பலாகாது. வேறோர் ஒற்றனைக் கொண்டு அதனைச் சோதித்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே அது கொள்ளத்தக்கது என்பது அவர் கருத்து. கௌடிலியரும் அர்த்தசாத்திரத்திலே இதனையொப்பக் கூறி, மீண்டும் மீண்டும் பிழைபட உரைக்கும் ஒற்றர் தண்டனைக்கேனும் நீக்கத்துக்கேனும் உரியர் என்று விதித்தார். ஆகவே ஒற்றரையும் கண்காணித்தல் வேண்டும் என்னும் எண்ணம் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. அவர்கள் அதற்குச் சட்டமும் அலுவலகமும் அமைத்தார்கள். நாம் அதிகாரத்தை மனனஞ்செய்தோம்.

வன்னியிலே முன்னாளில் அரசாங்கத்தின் கண்ணாக இருந்தவர் விதானையார். அவர் கச்சேரிக்கு என்ன எழுதுகிறார் என்பதை ஊரார் அறியாவிடினும், எழுதுபவர் யார் என்பதை அறிவர். அவருடைய வீடு தெரியும். கோயிற் திருவிழாவிலே எதிர்ப்பட்டால் முகத்துக்கு நேரே கேட்கவும் முடியும். 1963இல் அம்முறை ஒழிந்து கிராமசேவகர் வந்தனர். அவர்களையும் ஊரறியும். 2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளிலே மக்கள் கண்டது வேறொரு கண். மோட்டார் சைக்கிளில் வந்து, தம் பெயரைக் கூறாமலே பிறர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போவோரை நம் மூத்தோருக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

இவர்களுக்குப் பின்பலமாக நின்றது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்று பெயரிட்டு நிறைவேற்றினார்கள்; 1982இல் அத்தற்காலிகம் நிரந்தரமாயிற்று. பெயரை மட்டும் மாற்றவில்லை!

2014 மார்ச் மாதம் கிளிநொச்சியில் நடந்த கைது ஒன்றினைப் பற்றி நேரில் அறியவந்த மனித உரிமைப் பணியாளர் ருக்கி பெர்னாண்டோவும் பிரவீன் மகேசன் அடிகளாரும் 16ஆந் திகதி அங்கேயே கைதுசெய்யப்பட்டனர். இரண்டு நாளில் விடுதலை கிடைத்தது. ஆயினும் விடுதலையின் பின்னர், விசாரணையைப் பற்றி ஊடகங்களுக்குப் பேசலாகாது என்று ருக்கி பெர்னாண்டோவுக்கு நீதிமன்றத் தடை வந்தது. அவருடைய கைத்தொலைபேசி முதலியனவும் பரிசீலனைக்கென வாங்கப்பட்டன. பிறர் துன்பத்தைக் கேட்டறிந்து குறித்துவைப்போரின் தொலைபேசியிலே யார் யாருடைய இரகசியங்கள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

2017 பெப்ரவரி 20ஆந் திகதி, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதுபோலவே தொடங்கிற்று. அத்தாய்மாரையும் புலனாய்வாளர் தொடர்ந்து நோட்டமிட்டனர். 40க்கு மேற்பட்ட சிவில் அமைப்புகள் தம்மேல் நடத்தப்பட்ட கண்காணிப்பையும் விசாரிப்பையும் பற்றி முறையிட்டதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமை உயர்ஸ்தானிகரின் 2021 ஜனவரி அறிக்கை பதிவுசெய்தது.

இவற்றைத் தட்டிக்கேட்க அமைப்பு இல்லையோ எனின், பல உள. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு தோன்றியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைதுசெய்தால் 48 மணித்தியாலத்துள் அவ்வாணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதியே. ஆனால் ஒருவரைக் கைதுசெய்யாமல், ஆறு மாதம் பின்தொடர்ந்து, அவர் வீட்டுக்கு வருவோர் போவோரை எழுதிவைத்தால் எவருக்கு அறிவிப்பது? அதற்கு 48 மணித்தியாலமும் இல்லை, 48 மாதமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு கேட்கலாமெனின், தேசிய பாதுகாப்பு என்ற காரணத்தால் மறுக்க அச்சட்டமே வழிவிட்டிருக்கின்றது. பொலிஸ் ஆணைக்குழுவும் ஏனைய சுயாதீன ஆணைக்குழுக்களுமோ, 2001இல் 17ஆம் திருத்தத்தால் எழுந்து, 2010இல் 18ஆம் திருத்தத்தால் தாழ்ந்து, 2015இல் உயர்ந்து, 2020இல் மறுபடி தாழ்ந்து, 2022இல் மீண்டும் உயர்ந்தன. ஊஞ்சலில் இருப்பவர் காவல் செய்வதெங்ஙனம்?

இக்குறை வெளிப்பட்டது முல்லைத்தீவு நீதிமன்றத்திலே. குருந்தூர்மலையில் ஆதி ஐயனாரை வழிபட்டுவந்த மக்களுக்கும், அங்கே 2021இல் அகழ்வு தொடங்கிய தொல்பொருட் திணைக்களத்தாருக்கும் உண்டான வழக்கு நம்மவர் நன்கறிந்தது. 2022 ஜூலையில் புதிய கட்டடவேலை செய்யலாகாது என நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளையை மீறி வேலை நடந்துள்ளது என 2023 ஆகஸ்டில் நீதிபதி ரி. சரவணராஜா தீர்மானித்தார். இடையிலே பாராளுமன்றத்தில் சரத் வீரசேகர அவரைப் பெயர்சுட்டித் தாக்கிப் பேசினார். 2023 செப்டெம்பர் 23ஆந் திகதியிட்ட கடிதத்தால் நீதிபதி தம் பதவிகள் அனைத்தையும் துறந்து நாட்டைவிட்டு நீங்கினார். உயிரச்சுறுத்தலும் மனவழுத்தமும் அவர் காட்டிய காரணங்கள். தமக்கான பொலிஸ் பாதுகாப்புக் குறைக்கப்பட்டதென்றும், புலனாய்வாளரின் கண்காணிப்புக் கூட்டப்பட்டதென்றும், கட்டளையை மாற்றுமாறு சட்டமா அதிபர் வற்புறுத்தினாரென்றும் அவர் கூறியதாகச் செய்தி வெளியாயிற்று. வற்புறுத்தல் எதுவும் நிகழவில்லை என்பது சட்டமா அதிபர் தரப்பின் மறுமொழி.

இதிலே யார் கூற்று மெய் என்று தீர்ப்பது நம் வேலையன்று. அதைத் தீர்க்கக்கூடியவர் யார் என்பதே நம் கேள்வி. வழக்கறிஞர் நீதிமன்றப் பணியைப் பகிஷ்கரித்தனர். 2023 அக்டோபர் 20இல் வடக்குக் கிழக்கில் கடையடைப்பு நடந்தது. விசாரணை எவரிடம் போயிற்று? குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தாரிடம். அரசின் புலனாய்வுக்கரம் ஒரு நீதிபதியைக் கண்காணித்ததா என்பதை அரசின் இன்னொரு புலனாய்வுக்கரம் தேடிற்று. நீதிபதியைத் தொடர்ந்தவர் எவர், யார் கட்டளைப்படி, என்ன எழுதினார் என்ற ஏட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரமுள்ள வெளியார் ஒருவரும் இருக்கவில்லை.

இவ்விடத்திலே கடல்கடந்த ஒரு நாட்டை நோக்குதல் பயன்தரும். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டுத் தேர்தற்காலத்தில், ஜனாதிபதி வேட்பாளர் டொனால்ட் டிரம்பின் பிரசாரத்துக்கு ஆலோசகராயிருந்த கார்ட்டர் பேஜ் என்பவரைக் கண்காணிக்க மத்திய புலனாய்வுத்துறையான எப்.பி.ஐ., 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இரகசிய நீதிமன்றத்தில் நான்குமுறை அனுமதி பெற்றது. பின்னர் நீதித்துறைத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் மைக்கல் ஹோரோவிற்ஸ் அந்த ஏடுகளைத் திறந்தார். விண்ணப்பங்களிலே 17 பாரிய பிழைகளும் மறைப்புகளும் இருந்தன என்று 2019 டிசெம்பரில் எண்ணிக் காட்டினார். அரசியற் பகையால் விசாரணை தொடங்கப்பட்டதற்குச் சான்று காணவில்லை என்றும் அவரே எழுதினார்; ஆதலால் இரு கட்சியாருக்கும் முழுத் திருப்தியில்லை. அவர் அதனோடு நிற்கவில்லை. வேறு 29 விண்ணப்பங்களை எடுத்துச் சோதித்தார். நான்கிற்கு ஆதார ஏடே அகப்படவில்லை. எஞ்சிய 25இலும் பிழைகள் இருந்தன. பெரிய மனிதன் ஒருவனுக்காகத் திறந்த ஏடு, பெயரறியாத பலருக்கு நேர்ந்த அசட்டையையும் வெளிக்கொணர்ந்தது. நம் கவனத்துக்குரியது இப்பகுதியே. அந்நாட்டையும் பொன்னாடாக எண்ணவேண்டாம்: 2025 ஜனவரியில் ஓரிரவிலே சுமார் 17 கண்காணிப்பாளரை ஜனாதிபதி டிரம்ப் பதவிநீக்கினார்.

சோதியாத ஒற்று ஆளப்படுவோருக்கு மாத்திரந்தான் தீங்கு என்பாரும் உளர். 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவிலே இரு பொலிசார் கொல்லப்பட்டபோது முன்னாள் விடுதலைப்புலி உறுப்பினர் ஒருவர் பிடித்துவைக்கப்பட்டார். செய்தவர் சஹ்ரானின் கூட்டத்தார் என்பது 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரே தெரிந்தது. வழக்கமான சந்தேகம் வழக்கமான இடத்தில் நின்றது. உண்மையான கொலைஞர் தம் வேலையைத் தொடர்ந்தனர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் உரியதைச் செய்யாமைக்காக, அரச புலனாய்வுச் சேவையின் அந்நாட் பணிப்பாளர் 75 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயில் முன்றலிலே அமர்ந்த தாய்மாரை எண்ணுவதற்கு ஆளிருந்த காலத்திலேதான் அந்த எச்சரிக்கை வந்தது.

சங்கத்து இளைஞர் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றையும் இங்கே குறிப்பிடுவோம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். கொழும்பு சென்று வழக்குவைப்பது நம் ஊரவர்க்கு எளிதன்று. ஆயின் அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நடைபெறும் காலம் அம்மாதக் கணக்கிற் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடைபெற்றதாகக் காட்டவேண்டும் என்று தீர்ப்புகள் உண்டு. ஆகவே முறையிட்டவர் ஆணைக்குழுவைத் தொடர்ந்து கேட்டு, அவர்கள் அனுப்பும் கடிதங்களைக் கவனமாக வைத்துக்கொள்ளவேண்டும். வவுனியாவிலே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு. வந்தவர் எத்தனை பேர், எந்நாள், எந்நேரம், என்ன கேட்டனர், வாகன இலக்கம் யாது என்பனவற்றை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் நின்றவர் ஒருவரின் ஒப்பமும் பெற்றுவைத்தல் நன்று.