முகப்பில் இரண்டு பெயர்கள்

பாரிசு நகரில் 1923ஆம் ஆண்டு கிரெ பதிப்பகத்தார் வெளியிட்ட ‘ஒரு கட்டடக்கலையை நோக்கி’ என்னும் பிரெஞ்சு நூல், நவீனக் கட்டடக்கலையின் போக்கை வகுத்த நூல்களுள் தலையாயது. அரிய நூல்களைத் தேடிச் சேர்ப்போர் அதன் முதற்பதிப்பில் முதலில் காண வேண்டுவது ஆசிரியர் பெயரையே. ‘லெ கொர்புசியே–சோனியே’ என இரட்டைப் பெயர் அதில் அச்சாகியிருக்கும். அடுத்து வந்த திருத்திய பதிப்பில் இரண்டாம் பெயர் இல்லை. அப்பெயர் வந்ததும் மறைந்ததும் ஒரு சிற்றிதழின் வரலாறாகும்.

முதல் உலகப்போர் முடிந்து ஈராண்டு நிறையாத 1920ஆம் ஆண்டில் மூவர் கூடி ‘லெஸ்ப்ரி நூவோ’ என்னும் இதழைத் தொடங்கினர். போல் தெர்மே கவிஞர். அமெதே ஒசான்ஃபான் ஓவியர். சார்ல் எதுவார் ழான்னரே, கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஒரு சுவிட்சர்லாந்து ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர். சில இதழ்களுக்குள்ளேயே வெளியேற்றப்பட்டவர் கவிஞர்தாம். கவிஞர் கூடும் அவையில் இதனை நினைவுகூர்தல் தகும்.

எஞ்சிய இருவரும், எழுதுவோர் பலர் எனத் தோன்றும்படி புனைபெயர்கள் பூண்டனர். சிற்றிதழ் நடத்தியோர்க்கு இவ்வுத்தி புதிதன்று. ஒசான்ஃபான் தம் தாயின் குடிப்பெயராகிய சோனியே என்பதை ஏற்றார். ழான்னரேயால் அவ்வழிச் செல்ல இயலவில்லை. அவர் தாயின் குடிப்பெயர் பெரே. அதுவோ அவர் இளமையில் பணிபுரிந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரேயின் பெயர். எனவே முன்னோர் ஒருவரின் பெயரைச் சற்றே மாற்றி லெ கொர்புசியே ஆனார். உலகம் பின்னர் அறிந்தது அப்பெயரை மட்டுமே.

இதழில் வந்த கட்டுரைகளே பெரும்பாலும் நூலாயின. கப்பல், விமானம், தானியக் களஞ்சியம் ஆகியவற்றின் படங்கள் அதில் நிறைந்துள்ளன. ஒரு பக்கத்தில் பழங்கிரேக்கக் கோயில். அதன்கீழ் 1907ஆம் ஆண்டின் மோட்டார் வண்டி. எதிர்ப்பக்கத்தில் பார்த்தினான் கோயில். அதன்கீழ் 1921ஆம் ஆண்டின் வண்டி. கோயிலும் வண்டியும் ஒரே நெறியில் படிப்படியாகச் செம்மையுற்றன என்பது கருத்து. உவம உருபின்றி இரண்டை அருகருகே நிறுத்தும் இம்முறையை நம் அணிநூலார் எடுத்துக்காட்டு உவமை என்பர்.

களஞ்சியப் படங்கள் சிலவற்றை வால்ட்டர் குரோப்பியசு 1913ஆம் ஆண்டிலேயே செருமனியில் வெளியிட்டிருந்தார். புவனோசு ஐரிசு நகரக் களஞ்சியத்தின் உச்சியில் இருந்த முக்கோண அலங்கார முகப்புகள் இந்நூலின் படத்தில் இல்லை. அவை தூரிகையால் அழிக்கப்பட்டன. அலங்காரமற்ற வடிவின் உண்மையைப் போற்றும் நூலுக்கு இது பெருமை சேர்ப்பதன்று.

முகப்பிலிருந்து பெயரை நீக்கியது இதனினும் நுட்பமான செயல். சோனியேயின் பெயர் நீங்கிய பதிப்பில், நூல் ஒசான்ஃபானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. தாம் எழுதிய நூலைத் தமக்கே காணிக்கையாக்குவார் உளரோ? காணிக்கை பெற்ற அக்கணமே அவர் ஆசிரியர் என்னும் உரிமையை இழந்தார். கட்டடம் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி லெ கொர்புசியேயினுடையதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சிந்தனை இருவர் உரையாடலில் விளைந்தது எனல் தகும். 1925ஆம் ஆண்டில் 28 இதழ்களோடு இதழும் நின்றது, நட்பும் முறிந்தது.

1927ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் எட்செல்சு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலத்தின் தலைப்பில் ‘புதிய’ என்னும் சொல் இல்லை. அவர் அதனைச் சேர்த்து ‘ஒரு புதிய கட்டடக்கலையை நோக்கி’ என்றாக்கினார். பார்த்தினானை அளவுகோலாகக் கொண்ட ஒரு நூல், ஒரு சொல்லால், பழமையை முற்றும் துறந்த அறைகூவலாக ஆங்கிலம் அறிந்தோர்க்குத் தோன்றிற்று. அச்சொல்லை நீக்கிய மொழிபெயர்ப்பு 2007ஆம் ஆண்டில்தான் வந்தது. அதன் முகப்பிலும் லெ கொர்புசியே என்னும் ஒரு பெயரே உள்ளது.