மோட்டார் போட்டால் மங்கும் லைட்

கோபி பக்கம் அம்மாயி வீட்டுக்கு லீவுக்குப் போனால் முதலில் காதில் விழுவது ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சத்தம்தான். டக்... கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். கூடவே ஹால் லைட் ஒரு தடவை மங்கி மறுபடி தெளியும். அப்பச்சி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எவனோ மோட்டார் போட்டுட்டான்" என்பார்.

சின்ன வயதில் இதை ஒரு ஜோக் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை என்று பிறகுதான் புரிந்தது. மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கம்பி மெலிசாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த இழுப்பில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வீட்டுக்காரனுக்குத்தான் அடி. அம்மாயி வீடு கடைசியிலிருந்து இரண்டாவது!

1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகளின்படி, அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று இருந்தது. 230 என்றால் 216-க்குக் கீழே இறங்கக்கூடாது. 180-க்கு இறங்கினால் குண்டு பல்பில் பாதி வெளிச்சம்கூட வராது. டியூப் லைட் கதை இன்னும் மோசம், ஸ்டார்ட்டர் மினுக்கிக்கொண்டே இருக்கும், லைட் பிடிக்காது.

சரி, கம்பி ஏன் அவ்வளவு நீளமாகப் போனது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் கொங்கு நாட்டுக்கு மின்சாரம் என்றால் அது 1932, பைகாரா. நீலகிரி மலையிலிருந்து விழுந்த தண்ணீர் கோயமுத்தூர் மில்களை ஓட்டியது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். மில்லுக்கு அடுத்து மின்சாரத்தைக் கேட்டது கிணறு. எங்கள் பக்கம் ஆழக் கிணறுகள். அதுவரை மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். மோட்டார் வந்ததும் மாடுகளுக்கு விடுதலை. கோயமுத்தூரிலேயே மோட்டார் பம்ப் செய்யும் பட்டறைகளும் கிளம்பின. 1957-ல் மின்சார வாரியம் உருவானபோது வேலை ஒன்றுதான்: இன்னும் ஒரு ஊர், இன்னும் ஒரு கிணறு. கிராமங்களுக்கும் பம்ப்செட்டுகளுக்கும் கரண்ட் கொடுத்ததில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற காசில் நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? டிரான்ஸ்பார்மர் எண்ணிக்கையைக் குறைத்துக் கம்பியை நீட்டுவீர்கள். லைன் அகலமாய்ப் பரவியது, கெட்டியாக இல்லை.

அடுத்தது விலை. 1970-ல் விவசாய மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றினார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் போராட்டம் வெடித்தது. பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். பைசாவுக்காக உயிர்! 1972-ல் கோயமுத்தூரையே மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். (அப்பச்சிக்கு அந்த வண்டிக் கூட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.) அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் அந்த விலையைத் தொட யோசித்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவசம், 1990-ல் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். 2003-ல் ஜெயலலிதா அரசு கட்டணம் கொண்டுவந்தது, 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் எடுத்துவிட்டது.

இலவசம் என்றால் மீட்டர் தேவையில்லை. இங்கேதான் ஒரு பி.காம். மாணவனாக எனக்கு உறுத்துகிறது. மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு யூனிட் போனது என்று எப்படித் தெரியும்? மதிப்பிடுகிறார்கள். வழியில் கம்பியில் வீணானது எவ்வளவு, கிணற்றில் இறைத்தது எவ்வளவு என்று கறாராகப் பிரிக்க முடியாது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் போடுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. லைன் மோசம் என்பது கணக்கிலேயே தெரியாவிட்டால் அதை யார் சரி செய்வார்?

"ஃப்ரீ கரண்ட்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று கிளாஸில் ஒரு நண்பன் சொன்னான். சென்னைப் பையன். பாதி உண்மை என்றேன். மீதிப் பாதி எங்கள் ஊரில் இருக்கிறது.

அப்போது கிராமத்துக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வந்தது, மற்ற நேரம் இரண்டு ஃபேஸ். வீட்டில் லைட் எரியும், மோட்டார் ஓடாது என்பது ஏற்பாடு. நம் ஆட்கள் விடுவார்களா? கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸிலேயே ஓட்டினார்கள். லைட் இன்னும் மங்கியது. ராத்திரி மும்முனை வரும் நேரத்துக்குக் காத்திருக்க முடியாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். கரண்ட் வந்த நொடியில் ஊர் மோட்டார் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பும். வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் படுத்தால் ஓடுகிற மோட்டார் அதே வேலைக்கு இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், காயில் கருகும். அதனால்தான் எங்கள் பக்கம் சின்ன ஊரில்கூட ஒரு காயில் கட்டும் கடை இருக்கிறது.

வீட்டுக்குள் இதே செலவு ஸ்டெபிலைசராக வந்தது. கொச்சியில் வி-கார்ட் கம்பெனி 1977-ல் தொடங்கியதே ஸ்டெபிலைசர் செய்யத்தான். டிவி வந்தது, ஸ்டெபிலைசரும் வந்தது. ஃப்ரிட்ஜ் வந்தது, இன்னொன்று வந்தது. சப்ளை கொடுப்பவர் செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் காசு கொடுத்துச் செய்துகொண்டது. எந்த பட்ஜெட்டிலும் இந்தத் தொகை வராது.

2008-க்குப் பிறகு கதை மாறியது. மங்கிய லைட் போய், லைட்டே இல்லை என்றானது. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, எங்களுக்கெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன், வாய்ப்பாடு படித்தது பூராவும் சிம்னி விளக்கில். ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் வந்து உட்கார்ந்தது. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் உலை, அந்த வருஷம் டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக கிரிட் வடக்கோடு இணைந்தது, புதிய அனல் நிலையங்கள்... 2015 வாக்கில் வெட்டு நின்றது. ஆனால் உற்பத்தி கூடினால் கடைசிக் கம்பம் தானாகத் தடித்துவிடாது. டக் சத்தம் நிற்கவில்லை.

போன பொங்கலுக்குப் போனபோது அப்பச்சியின் பழைய வரவு செலவு டைரிகளைப் புரட்டினேன். 1990-க்குப் பிறகு தோட்டத்துக் கரண்ட் செலவு என்று எழுதியது, அந்த 2003-ஐ விட்டால், எங்கேயும் இல்லை. ஆனால் "மோட்டார் காயில் கட்டியது" என்று பதினோரு இடத்தில் இருந்தது. இரண்டு இடத்தில் அதற்குக் கீழேயே "கடன்" என்று ஒரு வார்த்தை. மூன்றாவதாக ஒரு இடத்தில் அம்மாயியின் தோடு.

"இதுக்குப் பதிலா பில்லே கட்டியிருக்கலாம் போலயே அப்பச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பில்லு கட்டுனா மட்டும் ஓல்டேஜ் வந்துருமா சாமி?" என்றார்.